1:66 முறுக்குக் குழலில் நீளக் குண்டு ஏன் குறுக்கே விழுகிறது?

#1 லேத்துக்காரன் (சுங்கை சிப்புட்)

வணக்கம். என் மச்சான் பெர்த்தில் இருக்கிறான். அங்கே லைசென்ஸ் எடுத்து ஒரு கிளப்பில் சேர்ந்து, வாய்ப்பக்கமாகக் கருமருந்து போட்டுக் கெட்டிக்கிற பழைய பாணி ரைஃபிள் சுடுகிறான். துப்பாக்கி புதுசுதான், பழைய மாதிரியைப் பார்த்துச் செய்தது. 0.50 அங்குலக் குழல், முறுக்கு 1:66, அதாவது குழலுக்குள் வெட்டியிருக்கிற பள்ளம் ஒரு முழுச் சுற்று சுற்றி வர 66 அங்குலம் ஆகும்.

உருண்டைக் குண்டைத் துணி சுற்றிப் போட்டால் 50 மீட்டரில் உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி விழுகிறது. கிளப்பில் யாரோ கொடுத்த நீளக் குண்டைப் போட்டானாம், 370 கிரெய்ன் எடை (சுமார் 24 கிராம்), மூக்கு வைத்தது. அட்டையின் போட்டோ அனுப்பியிருக்கிறான். அட்டை முழுக்க ஓட்டை, ஆனால் ஒன்றுகூட வட்டமாக இல்லை. சாவித்துளை மாதிரி நீளநீளமாக இருக்கிறது. ஒன்றில் குண்டின் பக்கவாட்டு வடிவமே அப்படியே பதிந்திருக்கிறது, மூக்கும் தெரிகிறது, கொழுப்பு பூசுகிற வளையத்தின் கரும்பட்டையும் தெரிகிறது. படுத்துக்கொண்டே வந்து மோதியிருக்கிறது.

குழல் கெட்டுப்போச்சா என்று கேட்கிறான். நான் மில்லில் லேத் பார்க்கிறவன், புரி வெட்டத் தெரியும், துப்பாக்கி தெரியாது. ஒரே குழலில் ஒரு குண்டு நேராகப் போய் இன்னொன்று ஏன் உருளுது?

#2 சந்தேகச் சாமி (கூலிம்)

ரொம்ப யோசிக்காதீங்க அண்ணே. குண்டு கனம், சுழற்சி பத்தலை. மருந்தைக் கொஞ்சம் கூட்டச் சொல்லுங்க, வேகம் கூடும், சுழற்சியும் கூடும், நேராயிடும்.

#3 மட்டுறுத்துநர்

இழை ஓடட்டும், ஆனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது, 1971ஆம் ஆண்டுச் சட்டம் அதைவிடக் கடுமை. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, கூடவே ரோத்தான் (பிரம்படி). பழசு, அலங்காரத்துக்கு, தாத்தா காலத்தது என்று எந்தச் சமாதானமும் இங்கே வேண்டாம். செய்வது, வாங்குவது, மருந்து தயாரிப்பது பற்றி யார் எழுதினாலும் பதிவைத் தூக்கிவிடுவேன். கணக்கும் சரித்திரமும் பேசலாம்.

#4 கம்பத்துத் தாத்தா (லாசா ரோடு)

மட்டுறுத்துநர் சொல்வது சரி. 1948 ஜூன் 16ஆம் தேதி எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார மேனேஜர்களைச் சுட்டுக் கொன்றார்கள், அதோடுதான் அவசரகாலமே வந்தது. துப்பாக்கி என்று பேச்செடுத்தாலே எங்கள் அப்பா சுற்றும் முற்றும் பார்ப்பார். சரி, நீங்கள் பேசுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

#5 கணக்கு டீச்சர் (தாப்பா, ஓய்வு)

லேத்துக்காரத் தம்பிக்கு. குழல் கெடவில்லை. குண்டுதான் அந்தக் குழலுக்கு நீளம்.

கனத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் பார்க்க வேண்டியது, குண்டின் நீளம் அதன் விட்டத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதை. ஒரே விட்டத்தில் ஈயம் கனமானால் நீளமும் கூடும், அதனால்தான் எல்லாரும் கிரெய்ன் கணக்கிலேயே பேசிப் பழகிவிட்டார்கள். காற்று நீளமான குண்டின் மூக்கைப் பிடித்துத் தள்ளிக் கவிழ்க்கப் பார்க்கும், சுழற்சி அதைத் தடுக்கும். நீளம் கூடக்கூடக் கவிழ்க்கிற விசைக்குக் கை நீளம், தடுக்க அதிகச் சுழற்சி வேண்டும். உருண்டைக்கு மூக்கும் கிடையாது, வாலும் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே உருவம். காற்றுக்குக் கவிழ்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

இதற்கு 1879இல் கிரீன்ஹில் என்பவர் ஒரு சூத்திரம் கொடுத்தார். இங்கிலாந்தில் வுல்விச்சில் பீரங்கிப்படை அதிகாரிகளுக்குக் கணக்குப் பாடம் எடுத்தவர். எல்லாம் அங்குலத்தில்:

முறுக்கு = 150 × விட்டம் × விட்டம் ÷ நீளம்

மச்சானுடைய குழலுக்குப் போடுங்கள். விட்டம் 0.50, வர்க்கம் 0.25, அதை 150ஆல் பெருக்கினால் 37.5. முறுக்கு 66 என்றால் தாங்குகிற நீளம் 37.5 ÷ 66 = 0.57 அங்குலம். உருண்டையின் விட்டமே கிட்டத்தட்ட 0.49. ஆக அந்தக் குழல் உருண்டைக்கு மேல் ஒரு நெல்மணி அகலம்கூடச் சேர்த்துத் தாங்காது. அவர் போட்ட 370 கிரெய்ன் குண்டு முக்கால் அங்குலத்துக்கு மேலே, ஒரு அங்குலத்துக்குப் பக்கத்தில் இருக்கும். படுக்காமல் என்ன செய்யும்?

#6 லேத்துக்காரன்

டீச்சர், அருமை. அதே கணக்கை மற்ற முறுக்குகளுக்கும் போட்டுப் பார்த்தேன். 0.50 குழலில் 1:48 என்றால் 0.78 அங்குலம். 1:28 என்றால் 1.34 அங்குலம். மச்சான் கடைப் பட்டியலில் இந்த மூன்று முறுக்கும்தான் திரும்பத் திரும்ப வருகிறது என்கிறான், இப்போது ஏனென்று விளங்குகிறது. 66, 70 எல்லாம் உருண்டைக்கு. 28 நீளக் குண்டுக்கு. நடுவில் இருக்கிற 48 இரண்டுக்கும் ஓரளவு.

#7 சந்தேகச் சாமி

டீச்சர், உங்க சூத்திரத்தில் வேகமே இல்லையே! 1:66 குழலில் குண்டு விநாடிக்கு 1800 அடி போனால் 327 சுற்று, 1:48 குழலில் 1300 அடி போனால் 325 சுற்று. இரண்டும் ஒண்ணுதானே? அப்போ மருந்தைக் கூட்டினால் 66ம் 48 மாதிரி நடக்கணும்ல. நான் சொன்னது தப்பில்லை.

#8 கணக்கு டீச்சர்

சாமி, பெருக்கலும் வகுத்தலும் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். ஆனால் பாதிதான் பார்க்கிறீர்கள். வேகம் கூடினால் சுழற்சி கூடும், அதே நேரம் காற்று கவிழ்க்கிற விசையும் கூடும். அந்த விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. சுழற்சி கொடுக்கிற பிடிப்பும் சுழற்சியின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. மேலே ஒரு வர்க்கம், கீழே ஒரு வர்க்கம், இரண்டும் அடிபட்டுப் போகும். அதனால்தான் கிரீன்ஹில் வேகத்தை எழுதவே இல்லை. 1300 அடியில் 325 சுற்று போதும் என்றால் 1800 அடியில் அதே 325 போதாது, காற்று அங்கே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பலமாகத் தள்ளும்.

ஒலியின் வேகத்தை ஒட்டி வரும்போது கொஞ்சம் முன்னே பின்னே ஆகும், அது வேறு கதை. ஆனால் முறுக்குப் பொருந்தாத குண்டை மருந்தைக் கூட்டி நேராக்கிவிடலாம் என்று நம்பி யாராவது கூட்டிக்கொண்டே போனால் குண்டு நேராகாது, குழலுக்குத்தான் ஆபத்து. தயாரித்தவன் எழுதிக் கொடுத்த அளவுக்கு மேலே ஒரு கிரெய்ன்கூட வேண்டாம் என்று உங்கள் மச்சானிடம் சொல்லுங்கள்.

#9 சந்தேகச் சாமி

ம்ம். வர்க்கத்துக்கு வர்க்கம் சரியாப் போச்சு. ஒத்துக்கிறேன், ஆனா முழுசா இல்லை. இன்னும் கேள்வி இருக்கு, டீ குடிச்சிட்டு வர்றேன்.

#10 கிராணி வீட்டுப் பேரன் (தைப்பிங்)

சாமி வருவதற்குள் நான் ஒரு ஆட்சேபணை வைக்கிறேன், டீச்சர் மன்னிக்கணும்.

1853ஆம் ஆண்டு மாடல் என்ஃபீல்ட். 0.577 குழல், மூன்று பள்ளம், முறுக்கு 1:78. அதில் போட்டது உருண்டை இல்லை, 530 கிரெய்ன் நீளக் குண்டு, விட்டம் 0.568, நீளம் ஏறக்குறைய ஒரு அங்குலம். உங்கள் சூத்திரப்படி போட்டால் 48 வருகிறது. 78 முறுக்கில் அது பறந்திருக்கவே கூடாது. ஆனால் கிரைமியாவில் பறந்தது, 1857இல் இந்தியாவில் பறந்தது, அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரண்டு பக்கமும் நிறையப் பேர் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். சூத்திரம் வந்ததே 1879இல். அதற்கு முன் துப்பாக்கி செய்தவர்கள் எல்லாரும் சுட்டுச் சுட்டுத்தானே பார்த்தார்கள்?

#11 கணக்கு டீச்சர்

நல்ல கேள்வி, இதைத்தான் எதிர்பார்த்தேன்.

இரண்டு விஷயம். ஒன்று, 150 என்ற எண் தாராளமாக வைத்தது, அதற்குக் கொஞ்சம் கீழே இருந்தாலும் குண்டு உடனே கவிழ்ந்துவிடாது. இரண்டாவதுதான் முக்கியம். சூத்திரம் முழுக்க ஈயமாக, ஒரே சீரான குண்டுக்கு. என்ஃபீல்ட் குண்டின் அடியைக் குடைந்திருப்பார்கள். மினியே என்ற பிரெஞ்சுக்காரர் 1849இல் கொண்டுவந்த யோசனை. மருந்து வெடிக்கும்போது குடைவுக்குள் வெடிவாயு புகுந்து ஓரத்தை விரித்துப் பள்ளத்தோடு அழுத்தும், அதற்காகத்தான் குடைந்தது. கூடவே இன்னொரு லாபம்: பின்பக்கம் ஈயம் குறைந்ததால் கனம் முன்னுக்கு வந்துவிட்டது. கனமையம் முன்னால் போனால் காற்று கவிழ்க்கிற கை நீளம் குறைகிறது. அதனால் குறைந்த சுழற்சியிலேயே சமாளித்தது.

ஆனால் சமாளித்தது என்றுதான் சொல்வேன். அதே படை 1858இல் கடற்படைக்கும் 1860இல் தரைப்படைக்கும் குட்டை ரைஃபிள் செய்தபோது ஐந்து பள்ளம், முறுக்கு 1:48 வைத்தார்கள். சூத்திரம் கொடுக்கிற அதே 48! அது பிறக்க இன்னும் இருபது வருஷம் இருக்கும்போதே பட்டறையில் கண்டுபிடித்துவிட்டார்கள். தூரம் போகப்போக அந்தக் குட்டைத் துப்பாக்கிதான் நீளத் துப்பாக்கியைவிட நன்றாக அடித்தது.

#12 கம்பத்துத் தாத்தா

கனம் முன்னால் என்றதும் எனக்குச் சும்பிட் நினைவு வருகிறது. எங்கள் பக்கம் தெமியார் பழங்குடி ஆட்கள் அந்த ஊதுகுழலில் வைக்கிற ஈர்க்கு அம்புக்கு வாலில் நெட்டி மாதிரி லேசான தக்கையைக் கூம்பாகச் செதுக்கி வைப்பார்கள். குழலுக்குள் முறுக்கும் கிடையாது, பள்ளமும் கிடையாது, வழவழவென்று இருக்கும். அம்பு சுற்றுவதே இல்லை, ஆனாலும் முனை முன்னால்தான் போகும். வால் லேசு, காற்று வாலைப் பிடித்து இழுக்கிறது.

என் பழைய செனாபாங் பாத்தாவில் (மடக்கித் தோட்டா போடுகிற வேட்டைத் துப்பாக்கி, லைசென்ஸ் இருந்தது, காட்டுப்பன்றிக்கு, வயசாச்சு, திருப்பிக் கொடுத்துவிட்டேன்) ஒற்றைக் குண்டுத் தோட்டாவும் அப்படித்தான். குழல் மொழுமொழு. குண்டின் அடி குடைந்திருக்கும், தலை கனம். மேலே சாய்வாகக் கோடு போட்டிருப்பார்கள், அது சுற்றி நேராகப் போகுது என்று தோட்டத்தில் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அந்தக் கோட்டில் நம்பிக்கையே இருந்ததில்லை.

#13 கணக்கு டீச்சர்

ஐயா, உங்கள் சந்தேகம் நியாயம்தான். அந்தக் கோடு கொடுக்கிற சுழற்சி ரொம்பக் கொஞ்சம், குண்டை நேராக வைப்பது தலைக்கனம்தான். குழலின் இறுக்கமான வாய்க்குள் நசுங்கி வெளியே வருவதற்குத்தான் கோடு உதவுகிறது.

#14 கிராணி வீட்டுப் பேரன்

1857 என்று நானே எடுத்ததால் ஒரு பத்தி. இழைக்குச் சம்பந்தம் உண்டு.

என்ஃபீல்ட் குண்டு குழலைவிடச் சிறியது என்று கவனித்தீர்களா, 0.577 குழலுக்கு 0.568 குண்டு. ஆயிரத்தில் 9 பங்கு அங்குலம் இடைவெளி. சிப்பாய் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்து மருந்தைக் குழலில் கொட்டுவான், அப்புறம் தோட்டாவைத் தலைகீழாகத் திருப்பிக் குண்டைக் காகிதத்தோடு வாயில் செருகி, மேலே மிஞ்சின காகிதத்தைக் கிழித்துவிட்டுக் கோலால் இறக்குவான். அந்த இடைவெளியை அடைத்தது குண்டைச் சுற்றியிருந்த காகிதம். காகிதம் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும், கருமருந்தின் கசடு இளகி வர வேண்டும், அதற்குத்தான் கொழுப்பு. மாட்டுக் கொழுப்பா பன்றிக் கொழுப்பா என்று பற்றிக்கொண்டதன் பின்னால் இருந்த எந்திரக் காரணம் இவ்வளவுதான். அரசியல் காரணங்கள் ஆயிரம் இருந்தன, அவை எல்லாருக்கும் தெரியும்.

கதை அதோடு முடியவில்லை. வட இந்தியாவின் காய்ந்த வெயிலில் கசடு ஓடு மாதிரி இறுகிக் குண்டு பாதி வழியில் மாட்டிக்கொண்டது என்று புகார் மேல் புகார். பிறகு குண்டை 0.55ஆகக் குறைத்து, அடிக்குடைவில் ஒரு மரத்தக்கை வைத்து நன்றாக விரிய வைத்தார்கள், கொழுப்புக்குப் பதில் தேன்மெழுகு. குண்டு சுளுவாக இறங்கும், வெடிக்கும்போது விரிந்து பள்ளத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்த மாதிரி குண்டுக்கு ஈயம் மெத்தென்று இருக்க வேண்டும். கடினமான ஈயத்தில் வார்த்தால் விரியாது, பள்ளத்தைப் பிடிக்காது, முறுக்கு எவ்வளவு இருந்தும் பிரயோஜனம் இல்லை.

#15 சந்தேகச் சாமி

வந்துட்டேன். என் கேள்வி இது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் ஊரில் ஹாக்கன் சகோதரர்கள் செய்த மலைநாட்டு ரைஃபிள், 1820களிலிருந்து. அது உருண்டை சுடுகிற துப்பாக்கி. ஆனா முறுக்கு பெரும்பாலும் 1:48. நீங்க எல்லாரும் உருண்டைக்கு 66, 70னு சொல்றீங்க. இன்னொரு பக்கம் பிரிட்டிஷ் பேக்கர் ரைஃபிள், 1800இல் வந்தது, நெப்போலியன் சண்டையில் பச்சைச் சட்டைக்காரங்க வெச்சிருந்தது. 30 அங்குலக் குழலில் கால் சுற்றுதான், அதாவது 1:120. அதுவும் உருண்டைதான். 48ம் சரி, 120ம் சரின்னா அப்புறம் இந்தக் கணக்கெல்லாம் எதுக்கு?

#16 லேத்துக்காரன்

இதற்கு நான் பதில் சொல்கிறேன், ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்து யோசித்தேன்.

உருண்டைக்கு மேலே போகக் கீழே போக நிறைய இடம் இருக்கிறது. கவிழ்வதற்கு அதில் ஒன்றும் இல்லை என்று டீச்சர் சொன்னாரே. அப்படியென்றால் உருண்டைக்குச் சுழற்சி எதற்கு? வார்ப்பில் இருக்கிற கோணலைச் சமன் செய்யத்தான். எந்த ஈய உருண்டையும் அச்சில் ஊற்றி ஆறும்போது உள்ளே சின்னக் காற்றறை விடும், வார்ப்புக் காம்புக்கு (ஈயம் ஊற்றின இடத்தில் மிஞ்சி நிற்கிற முனை) கீழேதான் பெரும்பாலும். அதனால் கனமையம் நட்டநடுவில் இருக்காது. மொழுமொழு குழலில் உருண்டை எந்தப் பக்கமாவது கன்னாபின்னாவென்று சுற்றிக்கொண்டு வெளியே வந்து, காற்று அதைப் பக்கவாட்டில் ஒதுக்கிவிடும். இதை 1740களிலேயே பெஞ்சமின் ராபின்ஸ் சொல்லிவிட்டார். பள்ளம் போட்டால் சுற்றுகிற அச்சு போகிற திசையிலேயே நிற்கிறது, அவ்வளவுதான் வேலை. அதற்குக் கொஞ்சம் சுழற்சி போதும்.

அதிகமானால் என்ன ஆகும்? கணக்குப் போட்டேன். கனமையம் அச்சிலிருந்து ஆயிரத்தில் 5 பங்கு அங்குலம் விலகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழலுக்குள் இருக்கும்வரை அது அச்சைச் சுற்றிக்கொண்டிருக்கும். வாயை விட்டு வந்த நொடியில் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமே தெறித்து ஓடும். விநாடிக்கு 1800 அடி வேகத்தில், 1:66 குழல் என்றால் 100 யார்டில் சுமார் 2 அங்குலம் விலகும். அதே உருண்டையை 1:28 குழலில் போட்டால் சுமார் 5 அங்குலம். அதே குண்டு, அதே கோணல், முறுக்கு மட்டும் வேறு.

லேத்தில் சென்டர் தப்பின வேலையை மெதுவாக ஓட்டினால் தெரியாது, வேகத்தைக் கூட்டினால் மெஷினே ஆடும். சாமி, உங்கள் 48க்கும் 120க்கும் இதுதான் பதில். இரண்டுமே உருண்டைக்கு நடக்கும். 48இல் வார்ப்பு சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவே.

#17 பெர்த் மச்சான்

எல்லாருக்கும் வணக்கம், நான்தான் அந்த மச்சான். லிங்க் அனுப்பினார், உட்கார்ந்து முழுக்கப் படித்தேன்.

மச்சான் சொல்கிற காம்பு விஷயம் நூற்றுக்கு நூறு. எங்கள் கிளப் பெரியவர்கள் உருண்டையைப் போடும்போது காம்பு வெட்டின தழும்பை நேராக மேலே பார்க்க வைத்துத்தான் இறக்குவார்கள். ஏதோ சாஸ்திரம் என்று நினைத்தேன். காற்றறை காம்புக்குக் கீழே இருந்தால், காம்பை மேலே வைக்கும்போது அறை அச்சின் மேலேயே வந்துவிடுகிறது, பக்கவாட்டில் விலகல் இல்லை. இப்போதுதான் புரிகிறது.

முறுக்கையும் அளந்து பார்த்தேன், பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல். துப்பாக்கி காலி என்பதை முதலில் உறுதி செய்தேன்: கோலை உள்ளே விட்டு வாயோரத்தில் விரலால் பிடித்து, வெளியே எடுத்துக் குழலோடு ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும், அடிவரை போயிருக்கிறதா என்று. பழைய துப்பாக்கிகளில் நூறு வருஷத்து மருந்து உள்ளேயே இருந்த கதை இங்கே நிறைய. அப்புறம் கைப்பிடி தாராளமாகச் சுற்றுகிற சுத்தம் செய்யும் கோலில் இறுக்கமான துணியைக் கோத்து அடிவரை தள்ளி, கோலில் ஒரு டேப் ஒட்டிக் கொடி மாதிரி நிறுத்தி, மெதுவாக இழுத்தேன். கொடி மேலே நின்றது பக்கவாட்டுக்கு வர, அதாவது கால் சுற்றுக்கு, பதினாறரை அங்குலம். நாலால் பெருக்கினால் 66. பெட்டி பொய் சொல்லவில்லை.

#18 சந்தேகச் சாமி

மச்சான் வந்தாச்சு! பிரதர், துணி சுற்றிப் போடறீங்களே, அந்தத் துணி என்ன ஆகுது? குண்டோடவே போகுமா?

#19 பெர்த் மச்சான்

இல்லை பிரதர். வாயை விட்டதும் பிரிந்து சில அடி முன்னால் விழுந்துவிடும். சுட்டுவிட்டு நடந்து போய்ப் பொறுக்கிப் பார்ப்பது பாதி வேலை. நல்ல துணி வட்டமாக, நடுவில் சாம்பல் நிறமாக, பள்ளம் அழுத்தின கோடுகளோடு கிடக்கும். நடுவில் கருகி ஓட்டை விழுந்திருந்தால் மருந்தின் சூடு துணியைத் தாண்டிவிட்டது, துணி மெல்லிசு அல்லது கொழுப்பு போதவில்லை. கோடு கோடாக வெட்டுப்பட்டிருந்தால் குழலின் மேட்டு விளிம்பு கூர், புதுக் குழலில் வரும்.

இன்னொன்றும் பார்த்தேன். ஒரு நண்பரிடம் 1:28 குழல், நீளக் குண்டுக்கு வாங்கியது. விளையாட்டாக அதில் உருண்டையும் துணியும் போட்டோம். மருந்து குறைவாக இருந்தவரை பரவாயில்லை. அவர் வழக்கமாகப் போடுகிற அளவுக்கு வந்ததும் துணி நார்நாராகக் கிழிந்து வந்தது, உருண்டைகள் அட்டையில் இங்கொன்றும் அங்கொன்றுமாக. முறுக்கு அவ்வளவு இறுக்கமாக இருந்தால் உருண்டை அதில் திரும்ப முடியாமல் பள்ளத்தைத் தாண்டி நேராக வழுக்கிவிடுகிறது.

#20 கிராணி வீட்டுப் பேரன்

இதே வழுக்கல்தான் மத்திய இந்தியாவில் ஃபோர்சைத் என்ற அதிகாரிக்கு 1860களில் தலைவலி. காட்டில் தூரம் மதிப்பிட நேரம் கிடையாது, அதனால் குண்டு வளையாமல் நேர்கோட்டில் போக வேண்டும், அதற்கு நிறைய மருந்து வேண்டும். நிறைய மருந்து போட்டால் அன்றைய வேகமான முறுக்கில் உருண்டை வழுக்கும். அவர் எதிர்த்திசையில் போனார்: பெரிய விட்டத்து உருண்டை, நிறைய மருந்து, முறுக்கு 100 அங்குலத்துக்கும் மேல். அந்தக் காலத்தில் நிறையப் பேர் சிரித்தார்கள். விட்டம் கூடினால் முறுக்கு தளரலாம் என்பதை டீச்சரின் சூத்திரமே சொல்கிறது, விட்டத்தின் வர்க்கம் மேலே இருக்கிறதே.

நேர் எதிர் உதாரணமும் உண்டு, 1830களின் பிரன்ஸ்விக். இரண்டே பள்ளம், 30 அங்குலத்தில் முழுச் சுற்று, குண்டு வழுக்காமல் இருக்க உருண்டைக்கு இடுப்பில் ஒரு பட்டை வார்த்தார்கள். பட்டை பள்ளத்தில் உட்கார்ந்தால்தான் இறங்கும். நாலைந்து வேட்டுக்கு மேல் கசடு சேர்ந்ததும் சிப்பாய் கோலைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டினான். எனக்குப் பிடிக்காத துப்பாக்கி, பார்க்க மட்டும் அழகு.

#21 லேத்துக்காரன்

கசடு பற்றி ஒரு சந்தேகம். நம் ஊர் மாதிரி ஈரக்காற்றில் இறுகாதோ?

#22 பெர்த் மச்சான்

இறுகாது மச்சான், ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுவென்று ஆகும். கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடமாகத்தான் மிஞ்சும், வாயுவாகப் போவது குறைவு. பெர்த் கோடையில் அது காய்ந்து மொறுமொறு, இரண்டு வேட்டுக்கு ஒரு தடவை ஈரத்துணி விட்டே ஆக வேண்டும். நம் ஊர்க் காற்றில் இறக்கச் சுளுவாக இருக்கும், ஆனால் அன்று சாயங்காலமே கழுவாவிட்டால் மறுநாள் துரு. நீளக் குண்டுக்கும் உருண்டைக்கும் இங்கேயும் வித்தியாசம் உண்டு: உருண்டைக் குழலில் பள்ளம் ஆழம், துணி போய் உட்காரவும் கசடு ஒதுங்கவும் இடம். நீளக் குண்டுக் குழலில் பள்ளம் ஆழமே இல்லை, ஈயமே நேராகப் பிடிக்க வேண்டும் என்பதால்.

#23 கம்பத்துத் தாத்தா

அப்போ தம்பி அந்த நீளக் குண்டுகளை என்ன செய்யப் போகிறீர்கள்?

#24 பெர்த் மச்சான்

1:28 நண்பருக்கே கொடுத்துவிட்டேன் தாத்தா. அவர் குழலில் அதே குண்டு அதே 50 மீட்டரில் வட்ட வட்டமாக ஓட்டை போட்டது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. 48க்காரர் ஒருவரும் வாங்கிச் சுட்டார், அவருக்கும் வட்டம்தான், ஆனால் கொஞ்சம் பரவி விழுந்தது. கணக்குப்படி 48க்கு அது நீளம்தான், டீச்சர் சொன்ன தாராளம் அங்கே கைகொடுத்திருக்கும். என் 66க்கு இனி உருண்டை மட்டும்.

#25 சந்தேகச் சாமி

டீச்சர், கடைசியா ஒண்ணு. விட்வொர்த் ரைஃபிள்னு ஒண்ணு படிச்சேன், ஆறுமூலைக் குழலாம். அது உங்க சூத்திரத்துக்குள்ளே வருதா? வரலைன்னா நான் ஜெயிச்சேன்.

#26 கணக்கு டீச்சர்

போட்டுப் பார்ப்போம். விட்டம் 0.45, குண்டின் நீளம் விட்டத்தைப்போல் சுமார் மூன்று மடங்கு, அதாவது 1.35 அங்குலம். 150 × 0.45 × 0.45 ÷ 1.35 = 22.5. ஜோசப் விட்வொர்த் வைத்த முறுக்கு 1:20. சூத்திரம் கேட்பதைவிடக் கொஞ்சம் இறுக்கமாகவே வைத்திருக்கிறார். 1857 சோதனையில் என்ஃபீல்டைத் தூக்கிச் சாப்பிட்டது. 1860இல் விம்பிள்டன் போட்டியைத் தொடங்கி வைக்க விக்டோரியா மகாராணி 400 யார்டில் சுட்டது இதைத்தான், துப்பாக்கியைத் தாங்கியில் பூட்டிக் கயிறு கட்டிக் கொடுத்தார்கள். குண்டு நட்டநடுவிலிருந்து ஒன்றரை அங்குலம்கூட விலகவில்லை. படைக்கு எடுக்கவில்லை, விலை அதிகம், கசடும் சீக்கிரம் சேரும். விட்வொர்த் யாரென்று லேத்துக்காரத் தம்பிக்குத் தெரிந்திருக்கும்.

#27 லேத்துக்காரன்

தெரியாமலா! எங்கள் மில்லில் பழைய பிரிட்டிஷ் பம்புகள் இன்னும் இரண்டு ஓடுகிறது, அதன் போல்ட்டுக்கு இன்றைக்கும் விட்வொர்த் புரி டேப்தான் தேடிப் பிடித்து வைத்திருக்கிறேன். 55 டிகிரி புரி. அதே மனுஷன் துப்பாக்கியும் செய்தார் என்பது இப்போதுதான் தெரியும்.

மச்சான், குண்டுக்குச் சுற்றுகிற துணி எவ்வளவு தடிமன் வேண்டும் என்று நீ கேட்ட விஷயம். மைக்ரோமீட்டரை வீட்டுக்கு எடுத்துவந்து அலமாரியை ஒரு வழி பண்ணிவிட்டேன். உன் உருண்டை 0.490, குழல் 0.500. துணி 0.015 என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 0.520 ஆகிறது, மிச்சம் பள்ளத்துக்குள் போய் உட்கார வேண்டும். வேட்டி அதற்குப் போதாது, ரொம்ப மெல்லிசு. ஜீன்ஸ் தடிமன், கோலால் தள்ளவே முடியாது. தலையணை உறைக்குப் போடுகிற கோடு போட்ட கெட்டிக் காட்டன் சரியாக வருகிறது, அம்மாவின் பழைய மெத்தை உறையில் கிடைத்தது. கசக்காமல் ஸ்பிண்டிலை மெதுவாக மூடினால்தான் அளவு சரியாக வரும், துணி அமுங்கும். பாலியஸ்டர் கலந்தது எதையும் தொடாதே, சூட்டில் உருகிக் குழலில் ஒட்டிக்கொள்ளும்.

#28 பெர்த் மச்சான்

மெத்தை உறையை வெட்டிவிடாதே, அத்தை திட்டுவாங்க. அளவை மட்டும் சொல், இங்கேயே வாங்கிக்கொள்கிறேன்.

#29 லேத்துக்காரன்

0.016. வெட்டியாச்சு.